முட்டிக்குள் விழுந்த புளியங்கொட்டை

அழுதுகொண்டேயா போனாள்? தலைவி ஜெசிந்தாவா? சபை மணியை மேசையில் போட்டுவிட்டா? உள்ளே வா பிள்ளை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னால் பாதிதான் எனக்குக் கேட்கிறது. அந்தப் பலகையைத் தட்டிவிட்டு இரு, கருவாட்டு ஈரம் பட்டிருக்கும். கூட்டத்தில் ஐந்து தடவை மணி அடித்தாளாம், ஒருத்தியும் வாய் மூடவில்லையாம். மூடுவார்களா? விடியற்காலையில் கடல் இரைச்சலுக்கு மேலால் கூப்பிட்டுக் கதைத்துப் பழகிய வாய்கள் ஒரு சின்ன மணிக்கு மூடுமா?

அவள் அழுதது கிடக்கட்டும். அதற்குப் பிறகு ஒன்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்செல்லாம் எரிகிறது. அந்தப் பழைய மண்முட்டியைத் திரும்பக் கொண்டுவரப் போகிறீர்களாம். ஒருத்தரும் ஒருத்தரோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லையாம். மறைவில் போய்ச் சோகி போட்டால் சத்தமில்லாமல் காரியம் முடியுமாம். இந்தப் புத்தி யாருடையது? உன்னுடையதா? சரி, சொல்ல வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

கொப்பியும் கொண்டுதானே வந்திருக்கிறாய்? எழுது. பழைய தலைவிகளின் அனுபவத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று மூன்று மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாயல்லவா, இன்றைக்குச் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது. சபைப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே இத்தனை வருடமும் பெருவிரல் அடையாளம்தான். அதனால் என் பேச்சை நீ படித்த தமிழில் எழுதிக்கொள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுது. எங்கள் சபைச் செபமாலையின் வாயை நீ திருத்தினால் அவள் கல்லறையிலிருந்து எழும்பி வந்து உன்னைக் கேட்பாள்.

இந்த ஊரில் என்னைப் புளியங்கொட்டை என்கிறார்களே, ஏன் என்று உனக்குத் தெரியுமா? நான் கறுப்பு என்பதால் என்றுதானே நினைத்திருக்கிறாய்? சிரிக்காதே. என் பேத்தியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் ஒரு கிழவியோடு சண்டைக்குப் போய்விட்டாள்.

சபை என்ன என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது, வேற்றூரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிள்ளைகளும் வாசிப்பார்கள். கொழும்புத்துறைக் கரையில் வள்ளம் வந்து சேரும். புருசனோ தமையனோ பிடித்த மீனைக் கடகத்தில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு நாங்கள் பட்டணத்துச் சந்தைக்கு நடப்போம். அந்த நாளில் எங்களுக்கு ஐஸ் கிடையாது. வெயில் ஏறுமுன் விற்காவிட்டால் மீன் மீனாக இராது. அப்படியிருக்க ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால்? காய்ச்சல் வந்தால்? வீட்டில் சாவு விழுந்தால்? அவளுடைய மீனை யார் கொண்டுபோவது?

அதற்காகத்தான் சபை. வர முடியாத சகோதரியின் மீனில் ஆளுக்கு இரண்டு கை அள்ளித் தன் கடகத்தின் மேல் வைக்க வேண்டும். சந்தையில் இறக்கியதும் அதை முதலில் விற்க வேண்டும், பிறகுதான் தன்னுடையதைத் தொடலாம். அதற்குக் கைமீன் என்று பெயர். சபையில் இருக்கிறவளின் மீன் ஒருநாளும் மணலில் கிடக்காது. இல்லாதவளின் மீனை நாங்கள் தொடமாட்டோம். தொட்டால் தன் மீனையும் தூக்கச் சொல்லி ஊர் முழுக்க வந்து நிற்கும் என்றுதான் அந்த விதி.

முட்டி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சபையைத் தொடங்கிய மூத்த தலைவியின் புருசன், பட்டணத்தில் பெரிய மனிதர்கள் கூடும் ஒரு லொட்ஜில் சமையற்காரன். வழக்குப் பேசுகிற பிறக்கிராசிமார், டொக்டர்மார், இரண்டு மூன்று வெள்ளைக்காரர், எல்லாரும் கழுத்தில் பட்டி போட்டுக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருப்பார்களாம். அவர்கள் ஒருவரையொருவர் சகோதரர் என்றுதான் கூப்பிடுவார்களாம். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதென்றால் ஒரு பெட்டிக்குள் ஆளுக்கொரு பந்து போடுவார்களாம். வெள்ளைப் பந்து என்றால் சம்மதம், கறுப்பு என்றால் இல்லை. ஒரேயொரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. யார் போட்டது என்று கேட்கவே கூடாதாம்.

மனிதன் இதை வீட்டில் வந்து சொல்ல, மூத்த தலைவிக்குப் பிடித்துப்போய்விட்டது. பந்துக்கு நாங்கள் எங்கே போவது? வெள்ளைக்குச் சோகி என்கிற சோழி, கறுப்புக்குப் புளியங்கொட்டை, பெட்டிக்குப் பதில் வாய் ஒடுங்கிய ஒரு மண்முட்டி. ஆளுக்கு இரண்டையும் கொடுப்போம். பாய்மறைப்புக்குப் பின்னால் போய் விருப்பமானதை முட்டிக்குள் போட்டுவிட்டு, மற்றதைச் சட்டிக்குள் போட்டு மூடிவிட்டு வர வேண்டும். பெரிய மனிதர்கள் செய்கிறார்கள் என்றதும் எங்களுக்கும் ஒரு பெருமை. கொஞ்சமாவது யோசித்தோமா? அந்தத் துரைமாருக்கு ஒரு கறுப்புப் பந்து விழுந்தால் என்ன நட்டம்? வேறொரு வீட்டில் போய் விருந்து சாப்பிட்டிருப்பார்கள். அவர்களில் யாருடைய மீனும் வெயிலில் கிடந்து நாறவில்லையே!

நான் தலைவியானபோது எனக்கு முப்பது வயதுகூட இல்லை. மூத்த தலைவிக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது, நடக்க ஏலாது. என்னைக் கூப்பிட்டுச் சபை மணியைக் கையில் தந்தாள். ஆட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே நாக்கு இல்லை.

"மணி பழுதெணை."

"பழுதில்லை. நான்தான் கழட்டினனான்."

"ஏனணை?"

"உனக்கு ஒரு நாக்கு இருக்குத்தானே. ரண்டு என்னத்துக்கு?"

எனக்கு வந்த கோபம்! எத்தனையோ வருடம் தான் ஆட்டி ஆட்டி அனுபவித்துவிட்டு, எனக்குத் தரும்போது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு தருகிறாளே என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். முதற் கூட்டத்தில் சந்தை வேம்பின் நிழலில் யார் இருப்பது என்று சண்டை. செபமாலை ஒரு பக்கம், மற்றவர்கள் எல்லாரும் ஒரு பக்கம். நான் அவர்களைவிடப் பெலத்துக் கத்தினேன். தொண்டை கட்டியது, சண்டை நிற்கவில்லை. கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் மூலையைப் பார்த்தேன். அங்கே வெரோணி. கூட்டத்துக்கு வந்தால் ஆள் வந்ததே தெரியாது, பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டு இருப்பாள்.

"வெரோணி, நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டேன்.

எல்லாரும் சட்டென்று அடங்கிவிட்டார்கள். வெரோணிக்குக் குரல் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசைதான், வேறென்ன! அவள் மெல்லச் சொன்னாள்: "நிழல் நகருதுதானே. நாங்களும் நகருவம்." அன்றோடு அந்தச் சண்டை முடிந்தது. இதை எழுதிக்கொண்டாயா? கூட்டம் இரைந்தால் இரைகிறவளோடு மல்லுக்கட்டாதே. மூலையில் இருக்கிறவளைப் பெயர் சொல்லிக் கேள். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் எத்தனை கூட்டம் நடத்தினேன் தெரியுமா? நீங்கள் என்னடாவென்றால் போன வருடம் அந்த மணிக்குப் புதிய நாக்குச் செய்து பொருத்தினீர்கள்.

அந்த வருடம்தான் ஞானம்மா வந்தாள். மன்னார்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். நல்ல உயரம். வாய் திறந்தால் பட்டணத்து மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் கேட்கும். சந்தையில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, வாத்தியாரம்மா அவளிடம் போய்விட்டா.

வாத்தியாரம்மா யார் என்றால், கறுப்புக் குடையோடு கிழமையில் நாலு நாள் வருகிற ஒரு வாத்தியாரின் பெண்சாதி. ஏழு வருடமாக என்னிடம்தான் மீன் வாங்கினா. அவ என் முன்னால் குனிந்து மீனைப் பார்த்தால், பின்னால் வருகிற நாலு பேரும் என்னிடமே குனிவார்கள். அப்படிப்பட்ட மனுசி ஒருநாள் என்னைத் தாண்டிப் போய் ஞானம்மாவின் முன்னால் குடையை மடித்தா. அடுத்த நாளும் அப்படித்தான். எனக்கு வயிறு எரிந்த எரிவில் அன்று வாங்கிய வெற்றிலையைக்கூட வாயில் வைக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஞானம்மா சபையில் சேரக் கேட்டாள். வயிற்றில் பிள்ளை தங்கியிருந்த நேரம். மற்றவர்கள் பாய்மறைப்புக்குப் பின்னால் போய் வந்தார்கள். தலைவி கடைசியாகப் போக வேண்டும். போனேன். இடது கையில் சோகி, வலது கையில் கொட்டை. முட்டியின் வாய் என் கை நுழையும் அளவுதான். உள்ளே விட்ட கை எது என்று நான் உனக்குச் சொல்லவும் வேண்டுமா?

பிறகு நானே முட்டியை எடுத்து வந்து, நானே பாயில் கவிழ்த்தேன். முப்பது சோகி. நடுவில் ஒரு கொட்டை, தேய்த்து மினுக்கியதுபோல. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"இதென்னடி கோதாரி! ஆரடி போட்டது?" என்றாள் செபமாலை.

"கேக்கேலாது," என்றேன். "சபை விதி சபை விதிதான்."

என்ன குரலில் சொன்னேன் தெரியுமா? சுவாமியார் பூசை வைக்கிற குரலில்! இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. ஞானம்மா வெளியே பூவரசுக்குக் கீழே சிவப்புச் சீலை உடுத்துக் காத்துக்கொண்டு நின்றாள். நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

"ஒரு கறுப்பு விழுந்திட்டுது, பிள்ளை."

"ஆரெண்டு தெரியுமோ அக்கா?"

"தெரியாது."

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? அடுத்த கிழமை சந்தைக்குப் போகும் வழியில் ஒருத்தி சொன்னாள், ஞானம்மாவுக்கு மன்னாரில் முதலில் ஒரு புருசன் இருந்தானாம். அதற்கு அடுத்த கிழமை, அந்தப் புருசனின் சங்கிலியை எடுத்துக்கொண்டுதான் வந்தாளாம். பிறகு அவள் கண் கூடாதாம், அவள் பார்த்த வலையில் மீன் ஏறாதாம். எல்லாம் எங்கிருந்து வந்தது? ஒரு கொட்டையிலிருந்து! காரணம் இல்லாமல் யாரும் கறுப்புப் போடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, இல்லாத காரணத்தை ஆளுக்கொரு பக்கமாகத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் காரணம் ஒரு கறுப்புக் குடை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் தலையில் கடகத்தோடு பேசாமல் நடந்தேன்.

நாலு மாதம் கழித்து அவள் மறுபடியும் கேட்டாள். அதற்குள் எனக்கும் மனம் ஆறியிருந்தது, வெட்கமும் வந்திருந்தது. இம்முறை சோகிதான் போட்டேன், அந்தோனியார்மேல் சத்தியமாக. நல்ல காரியம் செய்தவளைப்போல முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கவிழ்த்தேன்.

ஐந்து கொட்டை.

ஐந்து, பிள்ளை! என்னுடைய ஒன்று நாலு மாதம் இருட்டுக்குள் கிடந்து ஐந்தாகிவிட்டது. நான் மறுபடியும் பூவரசடிக்குப் போனேன். இந்தத் தடவை அவள் யார் என்று கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சரி அக்கா," என்று மட்டும் சொன்னாள். கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இனித்தான் அந்தக் காலை. சோளகக் காற்று விழுந்து கடல் அடங்கிய காலம். வள்ளங்கள் நிறைந்து வந்தன. திரளி மீனும் ஒட்டி மீனுமாகக் கரை வெள்ளியாகக் கிடந்தது. நாங்கள் கடகத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும்போது மருத்துவிச்சி ஓடி வந்தா. ஞானம்மாவுக்கு நோவு கண்டு ஒரு பகல் ஒரு இரவு ஆகிவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் புருசன் அப்போதுதான் வள்ளத்தால் இறங்கியிருந்தான். மீனை அப்படியே மணலில் போட்டுவிட்டு வாடகைக் கார் பிடிக்க ஓடினான். ஒழுங்கையில் கார் போனது எங்களுக்குக் கேட்டது. அவள் கத்தியதும் கேட்டது. அந்தக் குரலைத்தான் மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் கேட்கும் என்று நான் நக்கலடித்துக்கொண்டு திரிந்தேன்.

கார் போய்விட்டது. மீன் கிடந்தது. பெரிய குவியல். அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கண் தெரியாத மாமி ஒருத்தி. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. காகம் ஒன்று வந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது. முப்பது பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தூக்குங்கோ பிள்ளையள்," என்றேன். "ஆளுக்கு ரண்டு கை."

ஒருத்தியும் அசையவில்லை.

"ஐஞ்சு கறுப்பு விழுந்தவள்," என்றாள் ஒருத்தி.

"இண்டைக்கு இவளுக்குத் தூக்கினால் நாளைக்கு ஊர் முழுக்க வந்து நிக்கும்," என்றாள் இன்னொருத்தி.

செபமாலை என்னைப் பார்த்தாள். "நீதானே தலைவி சொன்னனீ? சபை விதி சபை விதிதான்."

என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள், அதே பூசைக் குரலில்!

நான் என்ன செய்திருக்கலாம் என்று நினைக்கிறாய்? தலைவி என்று அதிகாரம் பண்ணியிருக்கலாம். பண்ணியிருந்தால் பத்துப் பேர் தூக்கியிருப்பார்கள், இருபது பேர் முறைத்துக்கொண்டு நடந்திருப்பார்கள், சபை அன்றோடு இரண்டாகியிருக்கும். இரக்கப்பட்டுக் கெஞ்சியிருக்கலாம். அதில் ஞானம்மாவின் மீன் விற்றிருக்கும், ஞானம்மாவின் பெயர் மணலிலேயே கிடந்திருக்கும். நான் மட்டும் அள்ளிக்கொண்டு போயிருக்கலாம், எனக்கு நல்ல பெயர்கூட வந்திருக்கும். எல்லாவற்றையும் யோசித்தேன். சொன்னால் பதவி போகும், மானமும் போகும் என்று தெரியும்.

"முதல் கொட்டை நான் போட்டது," என்றேன்.

காகங்கள் இரைந்ததால் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. "என்னவாம்? என்னவாம்?" என்றார்கள். மறுபடியும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒருதரம் சொல்வதே பாடு, பிள்ளை, இரண்டாந்தரம் கத்திச் சொல்ல வேண்டும்!

"முதல்தரம் விழுந்த கொட்டை என்ரை! நான்தான் போட்டனான்!"

"நீயோ?" செபமாலை கடகத்தை இறக்கி வைத்தாள். "அவளிலை என்ன கண்டு போட்டனீ?"

"ஒண்டும் காணேல்லை. வாத்தியாரம்மா அவளிட்டை மீன் வாங்கினபடியால் போட்டனான்."

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அதுதான் மோசம்.

"அடி பாவி," என்றாள் செபமாலை. "நாங்கள் அவளுக்கு ஒரு புருசனைக் கட்டி, சங்கிலியைக் களவெடுக்கவும் வைச்சிட்டம். நீ ஒரு குடையை நினைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாய்."

அப்போதுதான் வெரோணி கதைத்தாள். நான் கேட்காமலே, அவள் பிறந்ததிலிருந்து முதல்தடவையாக இருக்கும். "ரண்டாந்தரம் விழுந்ததிலை ஒண்டு என்ரை, அக்கா. எனக்கு அவளைப் பற்றி ஒண்டும் தெரியாது. ஆரோ முதல் போட்டினம், அப்ப ஏதோ இருக்கும் எண்டு நானும் போட்டன்."

சொல்லிக்கொண்டே குனிந்து இரண்டு கை மீன் அள்ளித் தன் கடகத்தின் மேல் வைத்தாள். மற்ற நாலு பேரும் அந்தக் கரையில்தான் நின்றார்கள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. இன்றுவரைக்கும் திறக்கவில்லை! எனக்கு யார் யார் என்று சந்தேகம் இருக்கிறது, ஆனால் சொல்லமாட்டேன். சந்தேகத்தில் பெயர் சொன்னால் அதுவும் ஒரு கொட்டைதானே.

செபமாலை என்னிடம் வந்தாள். "உன்ரை கதைக்காக நாங்கள் தூக்கேல்லை, கேட்டியோ? மீன் வெய்யிலிலை கிடக்கெண்டு தூக்கிறம். நீ ரண்டு கை எடுக்கேலாது. உன்ரை கடகத்தைக் கவிட்டுப்போட்டு அவளின்ரை மீனை நிரப்பு."

கவிழ்த்தேன். என் புருசன் பிடித்த திரளி எல்லாம் மணலில். ஞானம்மாவின் மீனை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சந்தையில் ஞானம்மாவின் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று செபமாலை பக்கத்தில் நின்று இருத்தினாள். சரியாக அப்போது பார்த்து வருகிறது கறுப்புக் குடை!

"எங்கை உந்த இடத்திலை இருக்கிற பிள்ளை?" என்றா வாத்தியாரம்மா.

"ஆஸ்பத்திரியிலை அம்மா, பிள்ளைப்பேறு. இது அவளின்ரை மீன்தான்."

குனிந்து பார்த்து வாங்கினா. நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "ஏழு வரியம் என்னட்டைத்தானே அம்மா வாங்கினனீங்கள்?"

"ஓம். அவள் வந்த புதிசிலை ஒருநாள் நான் அவளின்ரை மீனைத் தொட்டுப் பார்க்க, 'இண்டைக்கு என்னட்டை வாங்காதேங்கோ அம்மா, இது நேற்றையான் மீன்' எண்டவள். நீ ஏழு வரியத்திலை ஒருநாளாவது அப்பிடிச் சொன்னனியோ?"

செபமாலை அப்படிச் சிரித்தாள், மீன் பார்க்க வந்த பூனைகூட ஓடிவிட்டது.

பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். பிள்ளை பெற்ற துடக்குக் கழிந்த முதற் கூட்டத்துக்கு ஞானம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எல்லாக் கதையும் அவள் காதுக்குப் போயிருந்தது.

"கைமீனுக்கு நன்றி சொல்ல வந்தனான்," என்றாள். "உள்ளுக்கு வாறதுக்கு இல்லை."

பிறகு என்னைப் பார்த்தாள். "கொட்டை போட்டதுக்கு நான் கோவிக்கேல்லை அக்கா. பூவரசடியிலை வைச்சு 'தெரியாது' எண்டியளே, அதுதான் நோகுது."

"ஓம் பிள்ளை, பொய் சொன்னனான்," என்றேன்.

மூத்த தலைவியை அன்றைக்கு நாற்காலியோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். அவ சொன்னா: "முட்டியைக் கொண்டு வாங்கோ. பெரிய ஆக்கள் செய்யினம் எண்டு பார்த்து நானும் செய்தது. அவைக்கு விளையாட்டு, எங்களுக்குச் சோறு. எனக்கு அது விளங்கேல்லை." இப்படிச் சொல்லிவிட்டு முட்டியை உடைத்தா என்று நீ எழுதப் பார்க்கிறாய், எனக்குத் தெரியும். ஏன் உடைக்கிறது, நல்ல முட்டியை? வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தா.

அன்றுதான் இப்போதுள்ள விதி வந்தது. ஒருத்தியை மறிக்கிறவள் எழும்பி, அவள் முகத்தைப் பார்த்து, காரணத்தைச் சொல்ல வேண்டும். மூத்த தலைவி கேட்டா: "ஞானம்மாவை ஆர் மறிக்கிறது? எழும்புங்கோ." ஒருத்தரும் எழும்பவில்லை. பிள்ளை மட்டும் சிணுங்கியது. ஞானம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மூலையில், வெரோணிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

நான் வெளியில் சொல்லக்கூடாததைச் சொன்னவள். தலைவிப் பதவியிலிருந்து இறக்கினார்கள், இரண்டு வருடம் சபைப் பாய் தட்டுகிற வேலை தந்தார்கள். சரியான தண்டனைதான். ஆனால் சொன்னதற்குத் தண்டித்ததுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. போட்டதற்கல்லவா தண்டித்திருக்க வேண்டும்! பிறகு ஞானம்மா தலைவியாகி ஒன்பது வருடம் இருந்தாள், அவளுக்குப் பிறகு மறுபடியும் நான். கடைப் பாணுக்கும் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற பஞ்ச காலமெல்லாம் சபையைக் கொண்டிழுத்தது நாங்கள் இரண்டு பேரும்தான். ஒருநாளும் அவள் அந்தப் பூவரசடிக் கதையைத் திரும்ப எடுக்கவில்லை. புளியங்கொட்டை என்று மட்டும் கூப்பிடுவாள். நானும் "என்னடி" என்று கேட்பேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக் கதைக்கு வா. பண்டத்தரிப்பிலிருந்து வந்த பிள்ளையைச் சேர்ப்பதை ஒருத்தி எழும்பி மறித்தாள். நல்லது. முகத்தைப் பார்த்துக் காரணம் சொன்னாள். நல்லது. அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்டது, சத்தம் வந்தது. வரட்டுமே! கத்தினால் எல்லாருக்கும் கேட்கும், பொய் என்றால் அங்கேயே பிடிபடும். காதுக்கு நோகிறது என்பதற்காக மறைப்புப் பாயையும் முட்டியையும் தூக்கிக்கொண்டு வருகிறீர்களே, உங்களுக்கு என்ன பேய் பிடித்திருக்கிறது? அந்த இருட்டுக்குள் கையை விட்டவள் நான் சொல்கிறேன், அதற்குள் தைரியசாலிகூடக் கோழையாகிவிடுவாள்.

ஜெசிந்தாவிடம் போய்ச் சொல், முதலில் அந்த மணியின் நாக்கைக் கழற்றச் சொல். பிறகு பண்டத்தரிப்புப் பிள்ளையை மறுபடி கூப்பிட்டு இருத்தி, மூலையில் யார் பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்து, அவளைக் கேட்கச் சொல். அழுதால் பரவாயில்லை, அழுதுகொண்டே கேட்கட்டும். அவள் அழுகைக்குப் பயந்தவள் இல்லை. அந்தக் காலையில் குறுக்கே கிடந்து ஊரைக் கலக்கியவள்தானே.

என்ன முழிக்கிறாய்? ஓம், ஞானம்மா பெற்ற அந்தப் பிள்ளைதான். தாய்க்காரி அவளுக்கும் சொல்லவில்லையா? சொல்லியிருக்கமாட்டாள், அவள் அப்படித்தான். அப்போ நீயே அவளுக்கு வாசித்துக் காட்டு. நான் போட்டேன் என்பதையும் வாசி, தெரியாது என்று சொன்னதையும் வாசி. ஒன்றையும் விடாதே.

அட, அங்கே பார், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது! முற்றத்தில் கருவாடு முழுக்கக் காயப் போட்டபடி கிடக்கிறது. கொப்பியை இடுப்பில் செருகு. ஓடு, ஓடு, பாயின் மற்றத் தலைப்பைப் பிடி, தனியே தூக்கினால் எல்லாம் கொட்டிவிடும்.